சாசானியரின் வெள்ளித் திரம்மம்

கி.பி. 224ஆம் ஆண்டில் பார்த்தியப் பேரரசின் கடைசி மன்னனான அர்தவானை ஹோர்மிஸ்தகான் என்னும் களத்தில் வீழ்த்தி, ஈரானிய ராஜ்யத்தைத் தன் வமிசத்துக்கு உரியதாக்கிக்கொண்ட அர்தஷீர், தான் புதியதொரு யுகத்தின் அதிபதி என்பதை நாடெங்கும் அறிவிக்க வேண்டியவனானான். அரசனது முகத்தைக் குடிமக்களிற் பெரும்பாலோர் காணும் வழி அக்காலத்தில் நாணயம் ஒன்றே. பார்த்திய மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலும் இடப்புறம் நோக்கியவர்களாகவே காட்சியளித்துவந்தார்கள். சக்கரவர்த்தியான அர்தஷீரின் முகமோ வலப்புறம் திரும்பியது. பார்த்தியக் காசின் பின்புறத்தில் வில்லேந்தி அமர்ந்திருந்த வீரன் மறைந்தான். அவ்விடத்தில் சரதுஷ்டிர மதத்தின் அக்கினி பீடம் எழுந்து, அதன்மேல் அணையாத் தீ சுடர்விட்டது. மஸ்தா என்னும் தெய்வத்தை வழிபடுபவன், தெய்விகன், ஈரானின் மன்னர்மன்னன், தேவர்களின் வழித்தோன்றல் என்னும் விருதுகளெல்லாம் அரசனது திருமுகத்தைச் சுற்றிப் பஹ்லவி எழுத்தில் வரிசைபெற்றன. விரலிரண்டின் இடையே அடங்கும் ஒரு வெள்ளித் தகட்டில், ஒரு மதமும் ஒரு வமிசமும் ஓர் ஆட்சிக் கொள்கையும் இவ்வாறு ஒருங்கே பொறிக்கப்பட்டன.

இந்நாணயத்துக்குத் திரம்மம் என்று பெயர். கிரேக்கரின் திராக்மாவிலிருந்து வழிவழியாக வந்த எடையை அடிப்படையாகக் கொண்ட இது, ஏறக்குறைய 4 கிராமுக்கும் 4.2 கிராமுக்கும் இடைப்பட்ட எடையுடையது. அர்தஷீர் அரியணையேறிய நாள்முதல், கடைசி மன்னன் மூன்றாம் யஸ்தகிர்த் 651ஆம் ஆண்டில் மெர்வ் நகரத்தருகே கொலையுண்டு மாய்ந்த நாள்வரையில், 427 ஆண்டுகள் சாசானிய ராஜ்யம் நிலைத்திருந்தது. அத்தனை காலத்திலும், உரோமருடனும் ஹூணருடனும் ஓயாத யுத்தங்களும், அரண்மனைச் சதிகளும், பஞ்சமும், உள்நாட்டுக் கலகமும் மாறிமாறி வந்தபோதிலும், இச்சிறு காசின் எடையும் தூய்மையும் பெரிதாகக் குலையவில்லை என்பது, பழங்காலப் பொருளாதார வரலாற்றில் காணக்கிடைக்கும் ஆச்சரியங்களுள் ஒன்று. சாசானியரின் கோட்டைகளும் அரண்மனைகளும் இடிந்தபின்னும் அவர்களுடைய நாணயம் அந்நிய தேசங்களிலே பல நூற்றாண்டுகள் உயிர்வாழ்ந்தமைக்கு இந்த உறுதியே காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவ்வுறுதியின் அருமை, எதிரிநாடாகிய உரோமாபுரியில் அதே காலத்தில் நேர்ந்ததை நோக்கினால்தான் விளங்கும். கி.பி. 215ஆம் ஆண்டளவில் உரோமர் புதிதாக வெளியிட்ட அந்தோனினியானுஸ் என்னும் வெள்ளிக் காசில் வெள்ளி ஏறக்குறையப் பாதியளவு இருந்தது. படைச்செலவைத் தாங்கமாட்டாத சக்கரவர்த்திகள் ஒருவர்பின் ஒருவராகச் செம்பைக் கூட்டி வெள்ளியைக் குறைத்ததன் பயனாக, 270ஆம் ஆண்டளவில் அது நூற்றில் ஐந்து பங்குக்கும் கீழே இறங்கி, மேலே வெள்ளிப் பூச்சுடைய செம்புக் காசாகவே ஆகிவிட்டது. அவ்வீழ்ச்சியின் நடுவேதான், 260ஆம் ஆண்டில், வலேரியன் என்னும் உரோமச் சக்கரவர்த்தியை அர்தஷீரின் குமாரனாகிய முதலாம் ஷாபூர் உயிரோடு சிறைபிடித்தான். வென்றவன் நாணயமும் தோற்றவன் நாணயமும் இன்று பொருட்காட்சிசாலைகளில் அருகருகே கிடக்கும்பொழுது, ஒன்றின் வெண்மையும் மற்றதன் பழுப்பும் அவ்விரு அரசுகளின் அன்றைய நிலைமையைத் தெளிவாக எடுத்துரைக்கின்றன.

சாசானிய நாணயத்தை முதன்முதலாகக் காண்பவர் கண்ணைக் கவர்வது மன்னனது கிரீடம். ஒவ்வோர் அரசனும் தனக்கென்று தனியானதொரு கிரீடத்தை அமைத்துக்கொண்டான். முன்னோன் அணிந்ததைப் பின்னோன் அப்படியே அணிவது வழக்கமன்று. ஷாபூரின் கிரீடம் கோட்டை மதிலின் கொத்தளங்களைப்போல் படிப்படியாக உயர்ந்தது. முதலாம் பஹ்ராமின் கிரீடத்தில் சூரிய கிரணங்கள் விரிந்தன. இரண்டாம் பஹ்ராம் பறவைச் சிறகுகளைச் சூடினான். இரண்டாம் ஹொர்மிஸ்தின் தலைமேல் அலகில் முத்தைக் கவ்விய கழுகு அமர்ந்தது. இவற்றுக்குமேல், மெல்லிய பட்டினால் போர்த்த உருண்டை ஒன்று கோளம்போல் உயர்ந்து நின்றது. தெய்வங்கள் அரசனுக்கு அருளும் ராஜதேஜஸ் கிரீடத்தோடு பிணைந்தது என்று ஈரானியர் நம்பினர். ஆகையால், சிம்மாசனத்தை இழந்து பின்னர் மீட்ட மன்னன் பழைய கிரீடத்தைவிட்டுப் புதிய கிரீடத்தைச் சூடுவதுண்டு. இரண்டாம் குஸ்ரோ 590ஆம் ஆண்டில் முடிசூடிய சில மாதங்களுக்குள் பஹ்ராம் சோபின் என்னும் சேனாபதியால் துரத்தப்பட்டு, உரோமரின் துணையோடு மறுவருஷம் திரும்பிவந்தபோது, அவன் நாணயத்திலுள்ள கிரீடத்துக்குச் சிறகுகள் முளைத்திருந்தன. 630ஆம் ஆண்டில் அரியணையேறிய அவன் மகள் போரான் ராணியும், பின்னல் தொங்கும் தலையில் தன் கிரீடத்தை அணிந்தவளாய்த் தன் பெயரால் திரம்மம் வெளியிட்டாள்.

கிரீடங்களின் இவ்வேற்றுமை ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரும் உபகாரமாயிற்று. எழுத்துத் தேய்ந்த காசையும், பாறைச் சிற்பத்தில் பெயரின்றி நிற்கும் அரசனையும், வெள்ளித் தட்டில் வேட்டையாடும் வீரனையும் கிரீடத்தைக் கொண்டே இன்னான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நிலையை எய்துவதற்குமுன் எழுத்தைப் படித்தாக வேண்டுமன்றோ? பஹ்லவி எழுத்து, சொற்களிற் பலவற்றை அரமேய மொழியில் எழுதிப் பாரசீக மொழியில் வாசிக்கும் விசித்திரமான முறையுடையது. அதன் இரகசியம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் புலப்படவில்லை. பிரெஞ்சு அறிஞராகிய சில்வெஸ்தர் தெ சாசி, நக்ஷி ருஸ்தம் என்னுமிடத்துப் பாறைகளில் பஹ்லவியோடு சேர்த்து வெட்டப்பட்டிருந்த கிரேக்க வாசகங்களைத் திறவுகோலாகக் கொண்டு, பாறையிலே கற்ற எழுத்தைக் காசிலே பொருத்திப் படித்து, 1793ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். நம் நாட்டவர் ஒருவரையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சரதுஷ்டிர மதத்தைத் தம் முன்னோரிடமிருந்து பெற்ற பார்சி வகுப்பினரான பர்துன்ஜி பாருக், சாசானிய நாணயங்களைப் பற்றி 1924இல் பம்பாயில் வெளியிட்ட பெருநூல் உலகெங்குமுள்ள நாணயவியலாருக்கு நெடுங்காலம் கைந்நூலாக விளங்கிற்று.

இனி, இக்காசு உண்டாகும் விதத்தைக் காண்போம். வெள்ளி பூமியிலிருந்து தனி லோகமாகக் கிடைப்பது அபூர்வம். பழங்காலத்து வெள்ளியிற் பெரும்பகுதி காரீயக் கனிமங்களுக்குள் மறைந்து கிடந்தது. ஈரானின் நடுவே பாலைநிலத்தில் அனாரக் என்னும் ஊரின் அருகே நக்லக் என்னும் காரீயச் சுரங்கம் இருக்கிறது. சாசானியர் காலத்துக் கோட்டையின் சிதைவு இன்றும் அதன் அருகே நிற்கிறது. கனிமத்தை உருக்கினால் முதலிற் கிடைப்பது சிறிதளவு வெள்ளி கலந்த காரீயம். அதனை எலும்புச் சாம்பல் முதலியவற்றால் வனைந்த, நீரை உறிஞ்சும் தன்மையுள்ள மூசையில் இட்டு, ஏறக்குறைய ஆயிரம் டிகிரி வெப்பத்தில் வைத்துத் துருத்தியால் காற்றை ஊதினால், காரீயம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, நம் வைத்தியர்கள் மிருதார்சிங்கி என்று சொல்லும் மஞ்சள் நிறப் பொருளாக மாறுகிறது. உருகிய மிருதார்சிங்கியை மூசையின் சாம்பல் உறிஞ்சிக்கொள்கிறது. செம்பு முதலிய கீழ்த்தர லோகங்களிலும் பெரும்பகுதி அதனோடு போய்விடுகின்றது. வெள்ளியோ பிராணவாயுவோடு அவ்வளவு எளிதில் கூடாத உயர்குணமுடையதாகையால், மூசையின் நடுவே ஒளிவீசும் துளியாகத் தங்கிவிடுகிறது. இப்புடமிடும் வித்தை சாசானியருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னரே மேற்காசியாவில் அறியப்பட்டிருந்தது. அவர்களுடைய அக்கசாலையார் அதனை நன்கு கையாண்டனர் என்பதற்கு, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கோ அதற்கு மேலோ வெள்ளியைக் கொண்ட அவர்களுடைய காசுகளே சாட்சி. சில காலங்களில் தூய்மை சற்று இறங்கியதுமுண்டு. ஆயினும் உரோமருக்கு நேர்ந்த வீழ்ச்சி எக்காலத்திலும் இவர்களுக்கு நேரவில்லை.

வெள்ளி கிடைத்தபின் அதைத் தகடாக அடித்தார்கள். கிரேக்கரின் திராக்மா ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனமும் உடைய கட்டியான வில்லையாக இருக்க, அதே எடையுள்ள சாசானியத் திரம்மமோ காலப்போக்கில் அகன்று, இரண்டாம் குஸ்ரோவின் காலத்தில் 30 மில்லிமீட்டர் அகலத்தை எட்டிவிட்டது. வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்டதாக மட்டும் இருக்கும். இவ்வளவு மெல்லிய தகடாக அடிக்கும்போது வெள்ளி இறுகி நொறுங்கத் தொடங்குமாகையால், இடையிடையே தீயில் காய்ச்சி அதனை இளகச்செய்ய வேண்டும். பின்னர் வட்டமாக வெட்டிய தகட்டை, பட்டடையிற் பதித்த கீழச்சின்மேல் வைத்து, மேலச்சை அதன்மீது நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க, ஒரே அடியில் இருபுறமும் உருவங்கள் பதிந்துவிடும். தகட்டின் மென்மையால் விளைந்த ஒரு குறையையும் இக்காசுகளிற் காணலாம்: ஒருபுறத்தில் அரசனின் முகம் புடைத்தெழும் இடத்துக்கு நேர்ப்பின்னால் அக்கினி பீடத்தின் நடுப்பாகம் வருகிறது, இரண்டு புடைப்புகளையும் நிரப்புவதற்குப் போதிய லோகம் அவ்விடத்தில் இல்லை, ஆகவே ஒன்று நன்கு எழும்பினால் மற்றொன்று மழுங்கிப்போகிறது. உருவம் மங்கிய காசைக் கண்டு, நெடுநாள் வழங்கித் தேய்ந்தது என்று முடிவுகட்டுபவர் இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூய்மை குலையவில்லை என்று மேலே சொன்னேனே, அதை இன்று எவ்வாறு அறிகிறோம்? இங்கேதான் விஞ்ஞானத்தின் பங்கு பிரதானமானது. வெள்ளியோடு செம்பு கலந்த காசு மண்ணுள் புதைந்துகிடக்கும் நூற்றாண்டுகளில், மேற்பரப்பிலுள்ள செம்பு ஈரத்தில் கரைந்து வெளியேறிவிட, எஞ்சிய வெள்ளி மேலே செறிந்து நிற்கிறது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அதனால் மீண்டெழும் ஒளிர்வை அளக்கும் சாதாரண முறை மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே காணவல்லது. ஆதலால் உள்ளே இருப்பதைவிட அதிகமான தூய்மையை அது கூறிவிடும். காசை வெட்டிப் பார்ப்பதற்கோ எந்தப் பொருட்காட்சிசாலையும் இணங்காது.

இச்சங்கடத்துக்கு 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் ஆடன் கார்டஸ் கண்ட பரிகாரம், நம் பொற்கொல்லர் ஆபரணத்தை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பதை அப்படியே ஒத்தது. காசின் விளிம்பில் மிகச் சிறியதோர் இடத்தைத் தேய்த்து அழுக்கையும் மேற்படலத்தையும் அகற்றி, உள்ளிருந்து வெளிப்பட்ட புதிய லோகத்தைச் சொரசொரப்பான படிகக் குழாயொன்றில் அவர் இலேசாக உரசினார். குழாயில் ஒட்டிய கண்ணுக்கரிய துகள்களை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால், அத்துகளிலுள்ள மூலகங்கள் ஒவ்வொன்றும் கதிரியக்கம் பெற்று, தத்தமக்கே உரிய காமாக் கதிர்களை வீசத் தொடங்கும். செம்பிலிருந்து உண்டாகும் கதிரியக்கச் செம்பு 12.7 மணி நேரத்திலும், தங்கத்திலிருந்து உண்டாவது 2.7 நாளிலும், வெள்ளியிலிருந்து உண்டாகும் ஒருவகை ஏறக்குறைய 250 நாளிலும் பாதியாகக் குறைகின்றன. கதிரின் சக்தி இன்ன மூலகம் என்பதைக் காட்ட, அதன் செறிவு அம்மூலகம் எத்தனை பங்கு உண்டு என்பதைக் கூறிவிடுகிறது. காசையே வலிமையான உலையில் இட்டால், வெள்ளியின் நீண்ட அரை ஆயுளால் அது பல ஆண்டுகள் கதிர்வீசிக்கொண்டிருக்கும். உரசிய துகளைச் சோதிப்பதிலோ காசுக்கு யாதொரு கேடுமில்லை. இம்முறையில் பார்த்தியக் காசுகளையும் சாசானியக் காசுகளையும் பின்வந்த உமய்யாக் கலீபாக்களின் காசுகளையும் பெருந்தொகையாகப் பரிசோதித்ததன் பயனாகத்தான் அக்கசாலைகளின் நேர்மையைப் பற்றி இன்று துணிந்து பேச முடிகிறது.

இந்தச் சோதனையில் வேறொரு நன்மையும் கிட்டிற்று. புடமிடும்போது காரீயம் நீங்குமேயன்றி, வெள்ளியோடு இயற்கையிலேயே கலந்திருக்கும் தங்கத்தின் சிறுகூறு நீங்காது. வெள்ளியைப்போலவே தங்கமும் பிராணவாயுவுக்கு அசையாதது. கனிமத்துக்குக் கனிமம் இத்தங்கத்தின் அளவு வேறுபடுவதால், வெள்ளி எத்தகைய கனிமத்திலிருந்து வந்தது என்பதற்கு அது ஓர் அடையாளமாகிறது. மேலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சாரத்தைக்கொண்டு வெள்ளியைச் சுத்திசெய்யும் முறை வந்தபின், சந்தையில் கிடைக்கும் வெள்ளியில் தங்கம் அநேகமாக இல்லாமற்போயிற்று. ஆகவே, பழமையான தோற்றத்தோடு வரும் ஒரு சாசானியக் காசிலோ வெள்ளித் தட்டிலோ தங்கத்தின் சாயலே காணப்படாவிட்டால், அது அண்மைக்காலத்துப் போலி என்று ஐயுறுவதற்குப் பலமான காரணமுண்டு. வெள்ளியில் எஞ்சிய காரீயமும் பேசுகிறது. யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து மூவகைக் காரீய ஐசோடோப்புகளாக மாறிக்கொண்டிருப்பதால், கனிமம் உண்டான காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அவற்றின் விகிதம் மாறுபடுகிறது; அவ்விகிதத்தைச் சுரங்கங்களின் விகிதத்தோடு ஒப்பிட்டால் வெள்ளி பிறந்த மலையை உத்தேசமாகக் குறிக்கலாம். ஆனால் பழைய காசுகளையும் பாத்திரங்களையும் ஒன்றாய் உருக்கிப் புதிய காசு அடிக்கும் வழக்கம் எங்குமிருந்தமையால், பல மலைகளின் வெள்ளி ஒரே காசில் கலந்துவிடுவதுமுண்டு. ஆராய்ச்சியாளர் இவ்விஷயத்தில் அவசரப்படுவதற்கில்லை.

இத்தனை வெள்ளியும் யாருக்காக அடிக்கப்பட்டது? பெரும்பாலும் படைவீரருக்கும் வரிக்கணக்கருக்குமாகவே என்று சொல்ல வேண்டும். சாசானியர் தங்க நாணயத்தையும் வெளியிட்டனர். ஆனால் அது சிறப்பு நாட்களுக்கும் கௌரவத்துக்கும் உரியதாக இருந்ததேயன்றிக் கடைவீதியின் பணமன்று. 532ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி உரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 11,000 இராத்தல் தங்கத்தை முதலாம் குஸ்ரோவுக்குக் கொடுத்தபோதும், அரசாங்கக் கணக்கு வெள்ளியிலேயே நடந்தது. அக்குஸ்ரோ செய்த வரிச் சீர்திருத்தத்தைப் பிற்காலத்து அரபு வரலாற்றாசிரியரான தபரி விவரமாக எழுதிவைத்திருக்கிறார். விளைச்சலில் பங்கு கேட்கும் பழைய முறையை ஒழித்து, நிலத்தை அளந்து, கோதுமையோ வாற்கோதுமையோ விளையும் நிலத்தில் ஜரீபு என்னும் அளவு ஒன்றுக்கு ஒரு திரம்மம், திராட்சைத் தோட்டத்துக்கு எட்டு, குதிரைத்தீவனம் விளையும் நிலத்துக்கு ஏழு, நல்ல பேரீச்ச மரம் நான்குக்கு ஒன்று என்று நிலையான தீர்வை விதிக்கப்பட்டது. இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்டவர்கள், தத்தம் நிலைக்கேற்ப நான்கு முதல் பன்னிரண்டு திரம்மம்வரை தலைவரி செலுத்தினர். பிரபுக்கள், போர்வீரர், குருமார், எழுத்தர் ஆகியோருக்கு விலக்கு. நெல்லும் பழமும் விளைவிக்கும் உழவனொருவன் ஆண்டுதோறும் வெள்ளிக் காசைத் தேடிக் கொணர வேண்டுமென்றால், காசு நாடெங்கும் போதிய அளவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அக்காசின் மதிப்பில் உழவனுக்கும் தண்டல்காரனுக்கும் ஐயம் எழாதிருக்கவும் வேண்டும். வரி ஒழுங்கும் நாணய ஒழுங்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அவ்வொழுங்கின் சுவடு காசிலேயே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஐந்தாம் பஹ்ராமின் காலம்முதல், காசின் பின்புறத்தில் அக்கசாலையின் பெயர்ச்சுருக்கம் தவறாமல் இடம்பெறலாயிற்று: இஸ்தக்ர், தாராப்கிர்த், பிஷாபூர், ஹமதான், ரே, மெர்வ் என நகரங்களின் நீண்ட வரிசை அதில் தெரிகிறது. கவாத் மன்னனின் இரண்டாம் ஆட்சிக்காலமாகிய 499ஆம் ஆண்டளவிலிருந்து ஆட்சியாண்டும் முறையாகப் பொறிக்கப்பட்டது. தூய்மையிற் குறை நேர்ந்தால் எந்த ஊர், எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துப் பொறுப்பாளியை வினவுதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. நமக்கோ இது ஓர் ஆட்சிக் குறிப்பேடாகவே பயன்படுகிறது. 602 முதல் 628 வரை உரோமரோடு நடந்த மாபெரும் யுத்தத்தின்போது இரண்டாம் குஸ்ரோவின் அக்கசாலைகள் காசுகளை மழையெனப் பொழிந்தன. இன்று உலகச் சேகரிப்புகளில் மலிந்துகிடக்கும் சாசானியக் காசுகள் அவனுடையவையே. அவனது 18ஆம் ஆட்சியாண்டில் ஒரே வருஷத்து வரி 42 கோடி மிஸ்கால் வெள்ளி, அதாவது பிற்கால எடையில் 60 கோடி திர்ஹம், என்று தபரி கணக்குரைக்கிறார். தொகை மிகையானதாயினும் ஆகுக. ஏழுக்குப் பத்து என்னும் அவ்விகிதம், 4.2 கிராம் எடையுள்ள சாசானியக் காசுக்கும் 2.9 கிராமை அணுகிய இஸ்லாமியக் காசுக்கும் உள்ள விகிதத்தோடு பொருந்துவதைப் பார்க்கும்போது, தபரிக்குக் கிடைத்த கணக்கேடு முற்றிலும் கற்பனையன்று என்று நம்பத் தோன்றுகிறது.

வெற்றியைக் காட்டிலும் ஒரு பெருந்தோல்வியே இந்நாணயத்தைக் கிழக்கு நோக்கிக் கொண்டுசென்றது. 459 முதல் 484 வரை ஆண்ட சாசானிய மன்னன் பீரோஸ், ஆக்ஸஸ் நதிப் பிரதேசத்தில் ஆதிக்கம் பெற்ற ஹெப்தலைட்டு ஹூணரோடு போரிட்டுச் சிறைப்பட்டான். விடுதலைக்காக முப்பது கோவேறு கழுதைகள் சுமக்கும் வெள்ளிக் காசு தருவதாக ஒப்புக்கொண்டவன், இருபது சுமையை மட்டுமே திரட்ட முடிந்தமையால், எஞ்சிய பத்துக்குத் தன் மகன் கவாதைப் பிணையாக வைத்தான் என்று சிரியாநாட்டுக் கிறிஸ்தவ வரலாறு ஒன்று கூறுகிறது. ஒரு கோவேறு கழுதை 100 கிலோகிராம் சுமக்குமென்று கொண்டால் ஒரு சுமைக்கு 25,000 காசு. முப்பது சுமைக்கு ஏழரை லட்சம்! பின்னர் ஒப்பந்தத்தை மீறி மறுபடியும் படையெடுத்த பீரோஸ், 484ஆம் ஆண்டில் சேனையோடு அழிந்தான். அதன்பின் பல ஆண்டுகள் ஈரான் ஹூணருக்குக் கப்பம் கட்டிற்று. இவ்வாறு குவிந்த வெள்ளியைக் கையாண்டு பழகிய ஹூணர், பீரோஸின் காசைப் பார்த்து அதேபோலத் தாமும் அடிக்கத் தொடங்கினர்.

சீனத்திலும் இக்காசுகள் பெருந்தொகையாகத் தோன்றின. சிங்ஹாய் மாகாணத்துச் சினிங் நகரில் 1956இல் கிடைத்த புதையலில் எழுபதுக்கு மேற்பட்ட பீரோஸ் காசுகள் இருந்தன. மேற்கெல்லையிலுள்ள வூசியா என்னும் இடத்தில் 1959இல் சாலை அமைக்கும்போது பாறையிடுக்கிலிருந்து 13 தங்கப் பாளங்களோடு 947 வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. அவற்றுட் சில ஈரானை அரபியர் வென்றபின் அடிக்கப்பட்டவை. துர்பான் சோலைநாட்டில், மழையறியாத அஸ்தானா மயானத்துப் பிரேதங்களின் வாயிலும் சாசானியக் காசு கிடைத்திருக்கிறது. அங்கேயே கிடைத்த காகிதச் சுவடிகள், சந்தையில் பொன்னும் பட்டுநூலும் வாசனைப் பொருள்களும் நிறுத்து விற்கப்பட்டபோது மத்திய ஆசியாவின் சோக்திய வணிகர் வரியை வெள்ளிக் காசாகவே செலுத்தியதைத் தெரிவிக்கின்றன.

தென்கடலிலோ நிலைமை வேறு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த காஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகத் துறவி, இலங்கையில் நடந்ததாக ஒரு சம்பவத்தைக் கூறுகிறார். சோபத்ரோஸ் என்னும் உரோம வணிகனும் பாரசீகத் தூதனொருவனும் இலங்கையரசன் முன்னிலையில் நிற்க, உங்கள் இருவருடைய மன்னருள் எவன் பெரியவன் என்று அரசன் வினவினான். பாரசீகன் தன் மன்னனையே புகழ்ந்தான். சோபத்ரோஸோ, இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, உரோமத் தங்கக் காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் அரசன் கையிற் கொடுத்தான். தங்கத்தின் பொலிவைக் கண்ட அரசன் உரோமரையே மெச்சி, அவனை யானைமேல் ஏற்றி முரசொலியோடு ஊர்வலம் செய்வித்தானாம். உரோமக் காசைப் பார்த்து இலங்கையரசன் வியந்த கதை, காஸ்மாஸுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் பிளினி எழுதிய நூலிலும் வருகிறது. ஆதலின் இதனை முழுச்சரித்திரமாகக் கொள்வதற்கில்லை. தங்கத்தையும் வெள்ளியையும் அழகுப் போட்டியில் நிறுத்தியது நியாயமன்று என்றும் எனக்குத் தோன்றுகிறது. உலகம் முழுவதும் உரோமத் தங்கத்தாலேயே வியாபாரம் செய்கிறது என்று காஸ்மாஸ் பெருமை பேசினாலும், மெர்விலிருந்து துர்பான்வரையிலுள்ள வணிகப் பாதைகளில் ஆட்சிசெலுத்தியது பாரசீக வெள்ளியே என்பதை மண்ணே மெய்ப்பிக்கிறது.

651இல் ராஜ்யம் முடிந்தது, நாணயம் முடியவில்லை. ஈரானை வென்ற அரபியர் அக்கசாலைகளை மூடாமல், இரண்டாம் குஸ்ரோவின் முகமும் அக்கினி பீடமும் உள்ளபடியே இருக்க, விளிம்பில் மட்டும் இறைவன் திருநாமத்தால் என்னும் பொருள்படும் அரபு வாசகத்தைச் சேர்த்துக் காசடித்தனர். உருவ வழிபாட்டை வெறுத்த சமயத்தார், பிறமதத்தவனாகிய ஒரு மன்னனின் முகத்தையும் வேள்வித் தீயையும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தம் காசில் வைத்திருந்தார்கள் என்றால், மக்கள் அக்காசின்மேல் வைத்திருந்த நம்பிக்கை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஹிஜ்ரி 79ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 698இல், கலீபா அப்துல் மலிக்கின் ஆணைப்படி உருவங்கள் நீங்கி எழுத்து மட்டுமே கொண்ட புதிய திர்ஹம் வெளியாயிற்று. எடை குறைந்தாலும், அகன்ற மெல்லிய தகடும் உயர்ந்த தூய்மையும் பழைய காசிடமிருந்தே அதற்கு வந்தன. காஸ்பியன் கடலோரத்து மலைநாடான தபரிஸ்தானில் அதற்குப் பின்னும் எட்டாம் நூற்றாண்டின் இறுதிவரையில் குஸ்ரோவின் உருவம் தாங்கிய அரைத் திரம்மங்கள், யஸ்தகிர்தின் மரணத்திலிருந்து எண்ணிய ஆண்டுக் கணக்கோடு வெளிவந்துகொண்டிருந்தன.

இந்தியாவில் நிகழ்ந்த மாறுதல் இன்னும் நீண்டது. ஹூணரோடு வடமேற்கு வாயில் வழியாக நுழைந்த பீரோஸின் காசு, இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் மாளவத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிரதிசெய்யப்பட்டது. மூலத்தைக் காணாத அச்சுக்கொத்தன், முந்திய பிரதியைப் பார்த்துத் தன் பிரதியைச் செதுக்கினான்; அரசனின் மூக்கும் கண்ணும் கிரீடமும் படிப்படியாகக் கோடுகளாயும் புள்ளிகளாயும் கரைந்தன; அக்கினி பீடம் வெறும் கட்டங்களும் பொட்டுகளும் சேர்ந்த தூணாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னோசியை ஆண்ட பிரதிஹாரச் சக்கரவர்த்தி மிஹிரபோஜன், ஒருபுறம் வராஹ மூர்த்தியைப் பொறித்து வெளியிட்ட ஆதிவராஹ திரம்மத்தில், மறுபுறத்து எழுத்துக்களின் கீழே அவ்வேள்விப் பீடத்தின் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். பதினோராம் நூற்றாண்டில் வட கொங்கணத்தைச் சேர்ந்த சிலாஹார மன்னன் சித்தராஜனும் தன் பெயரை நாகரி எழுத்தில் இத்தகைய காசிலேயே பொறித்தான். கதையா என்று வழங்கும் இவ்வகைக் காசுகள் பலவற்றில் முகம் இன்னதென்று அடையாளம் காண முடியாது. நிறுத்துப் பார்த்தாலோ அவை இன்னும் 4 கிராமை ஒட்டியே நிற்கின்றன. கடைசிக் காலத்துக் கதையாக் காசுகளிலேதான் வெள்ளி அருகிச் செம்பு மிகுந்தது.